கெரிமாக்கி: ஒரு சேகரம் தன்னை அளந்த கதை

கிழக்கு ஃபின்லாந்தின் ஏரிப் பகுதியில், சவோன்லின்னா நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது கெரிமாக்கி. 2012 டிசம்பர் 31 வரை அது தனி ஊராட்சி. அடுத்த நாள் முதல் சவோன்லின்னா நகராட்சியின் ஒரு பகுதி. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். 1844இல் தொடங்கி 1847இல் முடிந்த அந்த மரத்தேவாலயம், உலகிலேயே மிகப் பெரிய மரத்தேவாலயம் என்று சொல்லப்படுகிறது. நீளம் 45 மீட்டர், அகலம் 42 மீட்டர், உயரம் 37 மீட்டர். மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். நிற்பவர்களையும் சேர்த்தால் ஐயாயிரம் பேர் கொள்ளும்.

ஒரு கிராமத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஆலயம்? இதற்கு ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. வரைபடம் போட்டவர் சென்டிமீட்டரில் போட்டாராம். கட்டிய தச்சர் அதை அங்குலம் என்று படித்துவிட்டாராம். அமெரிக்கா போய்ச் செல்வம் சேர்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் பணம் அனுப்பினார் என்பது அதோடு ஒட்டிக்கொண்ட கிளைக்கதை. கேட்கச் சுவையானதுதான். ஆனால் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்திருந்த ஒரு மக்கள்கூட்டத்தை, இந்தக் கதை விவரமறியாதவர்களாக்கிவிடுகிறது. அதனால் இதைச் சான்றுகளோடு மறுப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

முதல் சான்று காலம். ஃபின்லாந்தில் மீட்டர் முறைக்கான சட்டம் வந்தது 1886இல். 1840களில் அங்கே வழங்கியவை ஸ்வீடன் ஆட்சிக்கால அளவைகளான முழமும் அடியும் அங்குலமும். சென்டிமீட்டரில் வரைபடம் போடும் பழக்கமே அப்போது அங்கு இல்லை. அமெரிக்காவுக்கு ஃபின்லாந்து மக்கள் பெருமளவில் கப்பலேறியதும் 1860களுக்குப் பிறகுதான்.

இரண்டாவது சான்று கணக்கு. அங்குலம் என்பது சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கதை உண்மையானால், நினைத்த ஆலயத்தின் நீளம் 18 மீட்டர்கூட வந்திருக்காது. பரப்பு ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். நிற்பவர்களையும் சேர்த்து எண்ணூறு பேர் கொள்வதே கடினம். பரந்து கிடந்த ஒரு சேகரம் அத்தனை சிறிய ஆலயத்தையா கேட்டிருக்கும்? ஆய்வாளர்கள் கண்ட முடிவு எளிமையானது: சேகரத்து மக்களில் பாதிப்பேர் ஒரே வேளையில் வழிபட வேண்டும் என்பதற்காகவே, வேண்டுமென்றே இந்த அளவில் கட்டினார்கள். பாதி என்பது ஐயாயிரம் என்றால், அன்றைய கெரிமாக்கியின் மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டி இருந்திருக்க வேண்டும். அந்த வகையில் இந்த ஆலயம் மரத்தில் எழுதிய குடிக்கணக்கு.

'சேகரம்' என்ற சொல்லைச் சற்று விளக்க வேண்டும். ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் வட்டத்தை நம் திருச்சபைகளில் அப்படி அழைக்கிறார்கள். அன்றைய ஃபின்லாந்தில் சேகரம் அதற்கும் மேலானதாக இருந்தது. ஸ்வீடன் ஆட்சியிலும் பிறகு ரஷ்யப் பேரரசின் கீழும் அதுவே ஊராட்சி. ஏழைகளைப் பராமரிப்பது, பஞ்சத்துக்குத் தானியம் சேர்ப்பது, ஆலயம் கட்டுவது எல்லாம் சேகரக் கூட்டத்தின் வேலை. எல்லைகள் மாறினாலும் இந்த அமைப்பு மாறவில்லை. 1743இல் துர்க்கு உடன்படிக்கைப்படி சவோன்லின்னா வட்டாரம் ரஷ்யாவின் கைக்குப் போனது. 1812இல், அப்போது ரஷ்யப் பேரரசின் கீழேயே இருந்த ஃபின்லாந்துப் பெருங்கோமகத்தோடு (Grand Duchy) மீண்டும் சேர்ந்தது. கொடி மாறிய அந்த ஆண்டுகளிலெல்லாம் மனிதர்களை ஒன்றாகப் பிடித்துவைத்திருந்தது ஞாயிற்றுக்கிழமை வழிபாடுதான். ஏரிகளைக் கடந்து கோடையில் படகிலும் பனிக்காலத்தில் சறுக்குவண்டியிலும் வந்து கூடினார்கள். செய்தி கேட்பது, கடன் தீர்ப்பது, பெண் பார்ப்பது எல்லாம் ஆலய வாசலில்தான்.

வரைபடத்தைத் தந்தவர் ஆன்டர்ஸ் ஃபிரெட்ரிக் கிரான்ஸ்டெட். ஹெல்சின்கியில் கட்டடக் கலைஞர் கார்ல் லுட்விக் எங்கெலின் அலுவலகத்தில் பணியாற்றியவர். கட்டும் பொறுப்பு மேஸ்திரி ஆக்ஸெல் தோல்போவுடையது. மரத்தில் இவ்வளவு பெரிதாகக் கட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. முழு மரத்தண்டுகளைக் கிடையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் கொத்திப் பொருத்துவது அந்நாட்டு முறை. ஒரு மரம் எவ்வளவு நீளமோ, மூலையில்லாமல் சுவர் அவ்வளவுதான் ஓடும். அதற்குமேல் நீட்டினால் சுவர் புடைத்துக்கொள்ளும். சிலுவை வடிவத் தரையமைப்பு இதற்கு விடை. மூலைகள் பெருகப் பெருகச் சுவருக்குப் பிடிப்பு கூடும். உள்ளே அண்ணாந்து பார்த்தால், சுவருக்குச் சுவர் குறுக்கே ஓடும் கனத்த உத்தரங்கள் வரிசையாகத் தெரியும். அவற்றை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. எதிரெதிர்ச் சுவர்கள் வெளியே சாயாமல் இழுத்துப் பிடித்திருப்பவை அவைதான். பக்கங்களில் இரண்டடுக்கு மாடங்கள், நடுவே குவிமாடம். மணிக்கூண்டு தனியாகத் தள்ளி நிற்கிறது. குளிர்காலத்தில் இந்த மண்டபத்தைச் சூடேற்றி மாளாது. அந்த மாதங்களுக்கென்று சிறிய ஆலயம் ஒன்று வேறாக உண்டு.

கெரிமாக்கி தன்னை அளந்து கட்டிய அந்தக் காலமே அதன் உச்சம். 1865 பிப்ரவரியில் வந்த அரசாணை, கிராமப்புற ஊராட்சியைத் திருச்சபையிலிருந்து பிரித்தது. ஏழைப் பராமரிப்பும் பள்ளிக்கூடமும் தானியக் களஞ்சியமும் புதிய ஊராட்சிக் கூட்டத்துக்கு வந்தன. வரி கட்டுபவரின் வசதிக்கேற்ப வாக்குரிமை இருந்த அந்த ஏற்பாடு 1917 வரை நீடித்தது. அதன்பிறகே எல்லாருக்கும் ஒரே வாக்கு. 1924இல் அண்டைப் பகுதியான புன்காஹர்யு தனி ஊராட்சியானபோது கெரிமாக்கியிலிருந்தும் நிலம் பிரிந்து போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நாடு முழுதும் நடந்ததுபோல, பண்ணைகளை விட்டு இளையவர்கள் தெற்கத்தி நகரங்களுக்கும் ஸ்வீடனுக்கும் போனார்கள்.

பக்கத்து நகரம் மட்டும் விரிந்துகொண்டே வந்தது. 1639இல் உருவான சவோன்லின்னா 1973இல் ஸாமின்கியையும், 2009இல் சவோன்ரான்தாவையும், 2013இல் கெரிமாக்கியையும் புன்காஹர்யுவையும் சேர்த்துக்கொண்டது. சிறிய ஊராட்சிகளால் முதியோர் பராமரிப்பையும் மருத்துவச் செலவையும் தாங்க முடியாது என்பது அரசின் வாதம். 2007ஆம் ஆண்டுச் சட்டம் இணைப்புகளை ஊக்குவித்தது. 2008இல் 415 ஆக இருந்த ஊராட்சிகளும் நகராட்சிகளும் 2013இல் 320 ஆகிவிட்டன. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இணையும்போது கெரிமாக்கியில் இருந்தவர்கள் சுமார் 5,500 பேர். 1847இல் மக்களில் பாதிக்காகக் கட்டிய ஆலயத்தில், இப்போது ஏறக்குறைய ஊர் முழுவதும் அடங்கிவிடும். நிர்வாகக் கணக்கு எதையும்விட இது எனக்குக் கனமாகத் தெரிகிறது.

ஆனால் ஆலயத்தோடு கெரிமாக்கியின் மரபு முடிந்துவிடவில்லை. ஊரின் பக்கத்தில் புருவேசி ஏரி. 'வேசி' என்பது அவர்கள் மொழியில் தண்ணீர். தெளிவுக்குப் பெயர்போன ஏரி அது. அதில் கிடைப்பது முய்க்கு என்ற வெள்ளி நிறச் சிறு மீன். குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் இழுவலை போட்டு அதைப் பிடிக்கிறார்கள். முதலில் உறைந்த ஏரியில் ஒரு பெரிய வாய் வெட்டுவார்கள். அங்கிருந்து இரு பக்கமும் வரிசையாகச் சிறு துளைகள். நீண்ட கழியில் கயிற்றைக் கட்டி, ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் பனிக்கடியிலேயே தள்ளிக்கொண்டு போவது பழைய முறை. இரு கயிறுகளும் தொலைவில் இன்னொரு பெரிய வாயில் வந்து சேரும். வலையின் இரு சிறகுகளையும் அங்கே இழுத்து மீனை மேலே எடுப்பார்கள். வலை போடும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அடியில் பாறை எங்கே, ஆழம் எவ்வளவு, மீன் எப்போது வரும் என்ற அறிவு அந்தப் பெயர்களோடு தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்தது. இந்தக் குளிர்கால வலையிழுப்பு இன்று ஃபின்லாந்தின் வாழும் மரபுகளுக்கான தேசியப் பட்டியலில் இருக்கிறது. ஆலயத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்புகிறவர்கள், ஊரின் பாதியைப் பார்க்காமல் போகிறார்கள்.

2013 ஜனவரி 1 அன்று, புருவேசிக் கரையிலிருந்த கெரிமாக்கி, புன்காஹர்யு, கெசாலாஹ்தி ஆகிய மூன்று ஊராட்சிகளும் ஒரே நாளில் மறைந்தன; கெசாலாஹ்தி போய்ச் சேர்ந்தது கிதே நகராட்சியோடு. அதே ஆண்டு ஜூலையில், 'புருவேசி முய்க்கு' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது.