சட்டம் போட்டுப் பிறந்த தலைமுறை

மக்கள்தொகை என்றாலே பள்ளியில் எழுதிய "மக்கள்தொகைப் பெருக்கம்" கட்டுரைதான் பலருக்கும் ஞாபகம் வரும். முன்னுரை, உணவுப் பற்றாக்குறை, வேலையில்லாத் திண்டாட்டம், முடிவுரை... பத்து மதிப்பெண்! ஆனால் ஜனத்தொகை போதவில்லை என்று பயந்து, சட்டம் போட்டு அதை ஏற்றப் பார்த்த நாடுகளும் உண்டு. கிழக்கு ஐரோப்பாவில் உள்ள ருமேனியா அதில் ஒன்று. ஜனத்தொகை மாறினால் ஒரு சமூகத்தில் எதெல்லாம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல (அல்லது மோசமான) உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ருமேனியா கம்யூனிஸ்ட் நாடானது. கிராமத்தில் விவசாயம் பார்த்தவர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். பெண்களும் வேலைக்குப் போனார்கள். சின்ன வீடு, சின்ன சம்பளம். ஒன்றோ இரண்டோ போதும் என்று குடும்பங்கள் தாமாகவே முடிவெடுத்தன. 1957ல் கருக்கலைப்பு சட்டபூர்வமானது. கருத்தடை சாதனங்கள் சரியாகக் கிடைக்காத நாட்டில் கருக்கலைப்பே குடும்பக் கட்டுப்பாடு ஆகிவிட்டது. 1965ல் ஒரு குழந்தை பிறந்தால் நான்கு கருக்கலைப்பு நடந்தது என்கிறது கணக்கு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை கூட இல்லை.

1965ல் கட்சித் தலைமைக்கு வந்த நிகோலே சௌசெஸ்குவுக்கு இது பிடிக்கவில்லை. பெரிய பெரிய தொழிற்சாலைகள் கட்ட வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். ஆள் கூடினால் உற்பத்தி கூடும், உற்பத்தி கூடினால் நாடு வல்லரசு ஆகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரவை மட்டும் எழுதிவிட்டு செலவுப் பக்கத்தைக் காலியாக விட்ட கணக்கு இது. பிறக்கும் குழந்தை தொழிலாளியாக இருபது வருடம் ஆகும். அதுவரை பால், தடுப்பூசி, பள்ளி, வீடு எல்லாம் யார் கணக்கில்?

1966 அக்டோபரில் ஆணை எண் 770 வந்தது. 45 வயதைத் தாண்டியவர்கள், ஏற்கனவே நான்கு குழந்தை பெற்றவர்கள், உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்ற யாருக்கும் கருக்கலைப்பு கிடையாது. கருத்தடை சாதனங்கள் கடையில் இருந்தே காணாமல் போயின. விவாகரத்து பெறுவது கிட்டத்தட்ட முடியாத காரியம் ஆனது. குழந்தை இல்லாதவர்களுக்கு 25 வயதுக்கு மேல் தனி வரி. பத்து குழந்தை பெற்றால் "வீரத்தாய்" பட்டம்!

1966ல் பிறந்தவர்கள் சுமார் 2.74 லட்சம். 1967ல் 5.28 லட்சம். ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஆனால் பிரசவ வார்டில் கட்டில் இரண்டு மடங்கு ஆகவில்லை. டாக்டரும் நர்ஸும் இரண்டு மடங்கு ஆகவில்லை. குழந்தை இறப்பு விகிதம் ஏறியது. சில வருடம் கழித்து அதே கூட்டம் ஒன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்றது. பெஞ்ச் போதவில்லை, பல பள்ளிகளில் ஷிப்ட் முறை வந்தது. பிறகு கல்லூரி, வேலை, வீடு. மடை திறந்த வெள்ளம் போல இந்த ஒரு தலைமுறை எங்கே போனாலும் அங்கே நெரிசல். ருமேனிய மொழியில் இவர்களுக்குத் தனிப்பெயரே உண்டு, "தெக்ரெட்செய்". ஆணையால் பிறந்தவர்கள் என்று பொருள்.

சரி, ஜனத்தொகையாவது ஏறிக்கொண்டே போனதா என்றால் அதுவும் இல்லை. மக்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். காசும் செல்வாக்கும் உள்ளவர்கள் கள்ளச்சந்தையில் மாத்திரை வாங்கினார்கள், டாக்டரைப் பிடித்தார்கள். மற்றவர்கள் வீட்டு அறையில், யாரோ ஒருவர் கையால், திருட்டுத்தனமாகக் கருக்கலைப்பு செய்துகொண்டார்கள். 1983ல் பிறப்பு விகிதம் மறுபடி 1966ல் இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. அதற்காக அரசு பின்வாங்கவில்லை. தொழிற்சாலைக்கே வந்து பெண்களைப் பரிசோதித்து, கர்ப்பமானவர்களைக் கணக்கெடுத்தார்கள். விதிவிலக்குக்கு இனி நான்கு அல்ல, ஐந்து குழந்தை வேண்டும் என்றார்கள்.

திருட்டுக் கருக்கலைப்பில் 1989 வரை இறந்த பெண்கள் சுமார் 10,000 பேர். பிரசவத்தையும் கர்ப்பத்தையும் ஒட்டிப் பெண்கள் இறக்கும் விகிதத்தில் ஐரோப்பாவிலேயே ருமேனியாதான் முதலிடம். இறந்தவர்களில் பலருக்கு ஏற்கனவே குழந்தைகள் இருந்தன. அதாவது ஒரு குழந்தையைப் பிறக்க வைக்கப் போட்ட சட்டம், பிறந்த குழந்தைகளைத் தாயில்லாப் பிள்ளைகளாக ஆக்கியது.

இதற்கு நேர் எதிர்த்திசையில், நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-77ல் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்கள் நடந்தன. அதில் கட்டாயத்தின் பேரில் நடந்தவை ஏராளம். அங்கே பெறு என்று அடித்தார்கள், இங்கே பெறாதே என்று அடித்தார்கள்.

1980களில் ருமேனியாவின் நிலைமை இன்னும் மோசமானது. சுமார் 1,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனை முழுவதும் அடைத்தே தீருவேன் என்று சௌசெஸ்கு உணவை ஏற்றுமதி செய்தார். கடன் 1989ல் அடைந்தது. ஆனால் ரொட்டிக்கு ரேஷன், குளிர்காலத்தில் ஹீட்டருக்கும் கட்டுப்பாடு. இந்த நிலையில் ஐந்தாவது குழந்தையை எப்படி வளர்ப்பது? அரசு விடுதிகளில் கொண்டுபோய் விட்டார்கள். ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் இருந்தார்கள். இவர்களை அனாதைகள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அப்பா அம்மா உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் கொடுமை.

கிறிஸ்டியன் பாப்-எலெகெஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 2006ல் வெளியிட்ட ஆய்வு சுவாரசியமானது. ஆணைக்கு முன்னும் பின்னும் சில மாத இடைவெளியில் பிறந்தவர்களை அவர் ஒப்பிட்டார். முதல் பார்வையில் பின்னால் பிறந்தவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள்! காரணம், முன்பு கருக்கலைப்பை அதிகம் பயன்படுத்தியவர்கள் நகரத்துப் படித்த பெண்கள். ஆணைக்குப் பிறகு அவர்கள் வீட்டில்தான் குழந்தைகள் கூடின. ஒரே மாதிரிக் குடும்பங்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பின்னால் பிறந்தவர்கள் படிப்பிலும் வேலையிலும் பின்தங்கியே இருந்தார்கள். வெறும் சராசரியைப் பார்த்து முடிவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

1989 டிசம்பரில் டிமிஷோரா நகரில் போராட்டம் வெடித்தது. 21ம் தேதி தலைநகர் புகாரெஸ்டில் சௌசெஸ்கு பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கூச்சல் போட்டது. மறுநாள் ஹெலிகாப்டரில் ஓடினார். 25ம் தேதி அவரும் மனைவி எலெனாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆணையால் பிறந்த பிள்ளைகளே ஆணை போட்டவரைக் கவிழ்த்தார்கள் என்று சொல்வதுண்டு. தெருவில் நின்ற இளைஞர்களில் பலருக்கு அப்போது 20, 22 வயது என்பது உண்மைதான். ஆனால் எதிரே துப்பாக்கியோடு நின்ற கட்டாய ராணுவ சேவைச் சிப்பாய்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். இதைப் பலரும் சொல்வதில்லை.

மரண தண்டனை முடிந்த மறுநாளே, டிசம்பர் 26ல், புதிய அரசு ஆணை 770ஐ ரத்து செய்தது. நாட்டில் ஆயிரம் பிரச்சனை இருக்க, முதல் வேலைகளில் இது ஒன்று! அடுத்த ஒரே வருடத்தில் கர்ப்ப, பிரசவ மரண விகிதம் பாதியாகக் குறைந்தது.

எல்லை திறந்ததும் லட்சக்கணக்கானவர்கள் இத்தாலி, ஸ்பெயின் என்று வேலை தேடிக் கிளம்பினார்கள். அவர்களில் "தெக்ரெட்செய்"களும் உண்டு. ஊரிலேயே தங்கியவர்கள் 2032-33ல் 65 வயதைத் தொடுவார்கள். வார்டில், வகுப்பறையில் வந்த அதே நெரிசல் அப்போது பென்ஷன் ஆபீஸ் வாசலுக்கு வரும். அவர்களுக்குப் பென்ஷன் கட்ட வேண்டிய அடுத்த தலைமுறையோ எண்ணிக்கையில் சிறியது.

ஆணை போட்ட 1966ல் எடுத்த கணக்கெடுப்பில் ருமேனியாவின் ஜனத்தொகை சுமார் 1.91 கோடி. 2021 கணக்கெடுப்பில் 1.905 கோடி.