செப்புத் தகட்டில் நம் ஊர்: வில்லியம் டேனியல்

மதுரைப் புதுமண்டபம், திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில் ஆகியவற்றின் பழைய ஆங்கிலேயப் படங்களை நம்மில் பலர் காலண்டரிலாவது பார்த்திருப்போம். 'டேனியல்' படம் என்பார்கள். டேனியல் ஒருவரல்லர், இருவர். பெரியவர் தாமஸ் (1749–1840). சின்னவர் வில்லியம் (1769–1837). ஆங்கிலத்தில் எல்லா உறவுக்கும் ஒரே சொல் என்பதால் தாமஸை 'மாமா' என்று எழுதத் தோன்றும். உண்மையில் அவர் வில்லியமுடைய தந்தையின் உடன்பிறந்தவர்.

வில்லியமின் தந்தை கொத்தனார், 1779-இல் இறந்துபோனார். தாமஸ்தான் பையனை வளர்த்தார். 1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியுடன் கப்பலேறியபோது, தாமஸ் செதுக்கோவியர், வில்லியம் உதவியாள். கல்கத்தாவில் 12 நகரக் காட்சிகளை அச்சிட்டு விற்றுத் தொழில் பழகினார்கள். பிறகு வரைந்த ஓவியங்களை லாட்டரி போட்டு விற்று, அந்தப் பணத்தில் தெற்கே கிளம்பினார்கள். முதல் திரட்ட அவர்கள் கண்ட வழியை வியாபாரியான நான் மெச்சத்தான் வேண்டும்! 1792 மார்ச்சில் திப்புவோடு உடன்படிக்கை ஆனதும் மைசூர், பாராமகால், மதுரை, குற்றாலம், கன்னியாகுமரி என்று சுற்றினார்கள்.

1794-இல் லண்டன் திரும்பிய பிறகுதான் பெரிய வேலை. செப்புத் தகட்டில் குங்கிலியம் போன்ற பிசின்பொடியைத் தூவிச் சூடாக்கினால் துகள் ஒட்டிக்கொள்ளும். அமிலம் ஊற்றினால் துகள்களுக்கு நடுவிலே மட்டும் அரிக்கும். வெளிர்வானம் வேண்டுமா, சட்டென்று நிறுத்தணும். மண்டபத்து இருட்டு வேண்டுமா, மறுபடி மறுபடி அரிக்க விடணும். கொஞ்சம் அசந்தால் தகடு போச்சு. ஏழாண்டுகள் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை இந்த வேலையில் கிடந்ததாக வில்லியம் சொன்னதை, ஃபாரிங்டன் என்ற ஓவியர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' 144 படங்களாக வெளிவந்தது. முதல் தொகுதியின் முகப்பில் 'வரைந்து செதுக்கியவர் தாமஸ் டேனியல்' என்று மட்டும் இருக்கிறது. பின்னால் வந்தவற்றில்தான் இருவர் பெயரும் சேருகிறது. வளர்த்தவருக்கு மரியாதை என்று சிலர் சொல்லலாம். உழைப்புக் கணக்கைப் பார்த்தால் அது நியாயமில்லை என்பது என் கட்சி.

வில்லியம் குறைபட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1814 முதல் 1825 வரை பிரிட்டன் கரையோரத்தை 308 படங்களாகத் தாமே செதுக்கி வெளியிட்டார். உரை எழுதிவந்த ரிச்சர்ட் அய்ட்டன் இரண்டு தொகுதிகளோடு விலகியதும், மீதி ஆறுக்கும் தாமே எழுதினார். 1822-இல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார். தாமஸ் அந்த இடத்தை 1799-லேயே அடைந்துவிட்டார்.

கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இவ்விருவர் படைப்புகளும் நிறைய உள்ளன. போகிறவர்கள் படத்தின் கீழேயுள்ள பொடி எழுத்தையும் வாசித்துவிட்டு வாருங்கள்.