விதானத்திலிருந்து இறங்கி வந்த கிழக்கு

லண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தில் இன்றும் இருக்கிறது அந்தப் படம். கோர்ஃபு தீவில் பிறந்த ஸ்பிரிடியோனே ரோமா 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீட்டியது. உயரமான பாறைமேல் பிரிட்டானியா அமர்ந்திருக்கிறாள். கீழே கருத்த மேனியளாக இந்தியா முத்தும் மணியும் நீட்டுகிறாள். பக்கத்தில் சீனா, பீங்கான் சாடியோடும் தேயிலையோடும். இந்தப் படத்தை எந்த அறையின் விதானத்தில் பதித்தார்கள் தெரியுமா? கம்பெனித் தலைமையகத்தில் வருவாய்க் குழு கூடிய அறையில். கீழே நம் உழவர்கள் கட்டிய வரியின் கணக்கு. மேலே அதுவே மனமுவந்த காணிக்கையாக! பார்க்கப் பார்க்க நெஞ்சு கொதிக்கிறது. எட்டு ஆண்டு கழித்து, 1786இல், அதே கம்பெனி பினாங்கில் கொடியேற்றியது.

நாடுகளையும் கண்டங்களையும் பெண்ணுருவாக வரைவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். எந்தக் கண்டத்துக்கு எந்த உடை, எந்த விலங்கு என்று 1603இல் படங்களோடு வெளிவந்த சேசரே ரீப்பாவின் நூல் வகுத்துக் கொடுத்தது. ஐரோப்பாவுக்குக் கிரீடம், ஆசியாவுக்கு ஒட்டகம். ரோம் நகரின் புனித இக்னேஷியஸ் ஆலயத்தில் அந்திரேயா பொட்சோ 1694இல் முடித்த விதானத்திலும் ஆசியா ஒட்டகத்தின்மேல்தான். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் அரண்மனையில், மாடிப்படிக்கு மேலே சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு தியெப்போலோ 1752–53இல் தீட்டியதில் அவள் யானை ஏறிவிட்டாள். தலைப்பாகை கட்டியிருக்கிறாள், அருகே விலங்கிட்ட அடிமைகள். ஐரோப்பா மட்டும் கலைகள் சூழக் கொலுவிருக்கிறாள். தியெப்போலோ ஆசிய மண்ணை மிதித்ததே இல்லை.

கிழக்கு முழுவதற்கும் ஒரே சாயல் என்ற இந்த எண்ணம் கோலாலம்பூரில் கட்டடமாகவே எழுந்தது. சிலாங்கூர் அரசு அலுவலகத்துக்கு ஏ.சி. நார்மன் முதலில் வரைந்தது ஐரோப்பிய பாணி. இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு வந்த பொறியாளர் ஸ்பூனர் அதை மாற்றச் சொன்னார். முஸ்லிம் நாடு, ஆகவே முஸ்லிம் பாணி என்பது அவர் கணக்கு. வட இந்தியக் குவிமாடமும் மூரிஷ் வளைவும் வந்து சேர்ந்தன. மலாய்க்காரர்கள் தங்கள் பள்ளிவாசல்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த அடுக்குக் கூரைக்கு அதில் இடமில்லை. 1897இல் எழுந்து நின்ற அதுதான் இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1910இல் ஹப்பேக் வடிவமைத்த ரயில் நிலையமும் அதே வார்ப்பு.

அந்த ரயில்வேயின் அலுவலகங்களில் எழுதுவினைஞர்களாக உட்கார்ந்த யாழ்ப்பாணத் தமிழரும், வெயிலில் தண்டவாளம் போட்ட தமிழகத் தொழிலாளரும் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தார்கள். யானைமேல் ஏற்றிய ஆசியாவில் அவர்களைத் தேடிப் பயனில்லை. கட்டடங்கள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் இந்த மண்ணைக் கேட்காமல் எழுப்பிய அழகு அது. டத்தாரான் மெர்டேக்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கதையையும் சொல்லுங்கள். திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸையும் காட்டிவிட்டு வாருங்கள்.