சுற்றுச்சூழல் தொழில்வல்லுநர் சங்கம், கலிபோர்னியா: கிளைகளின் தோற்றமும் வளர்ச்சியும்

சுற்றுச்சூழல் தொழில்வல்லுநர் சங்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைத் தொழிலாகக் கொண்டோரின் இலாப நோக்கற்ற அமைப்பு. 1974இல் நிறுவப்பட்ட இது, உறுப்பினர்களிடையே ஏ.ஈ.பி. என்ற சுருக்கப்பெயரால் வழங்குகிறது. அரசு அலுவலர்கள், தனியார் ஆலோசகர்கள், நகரத் திட்டமிடுவோர், உயிரியலாளர்கள், தொல்லியலாளர்கள், போக்குவரத்துப் பொறியாளர்கள், வழக்கறிஞர்கள் எனப் பல துறையினர் இதில் உறுப்பினர்களாக உள்ளனர். மாநில அளவில் ஒரே சங்கமாக இருந்தாலும் அன்றாட நடவடிக்கைகளில் பெரும்பகுதி வட்டாரக் கிளைகள் வழியாகவே நடக்கிறது.

சட்டப் பின்னணி

1969 ஜனவரி 28 அன்று, சாண்டா பார்பரா கடற்கரைக்கு அப்பால் யூனியன் ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்தது. 80,000 முதல் 1,00,000 பீப்பாய் வரையிலான கச்சா எண்ணெய் கடலில் கலந்ததாக மதிப்பிடப்பட்டது. எண்ணெய் படிந்த கடற்பறவைகளின் படங்கள் நாடெங்கும் பரவ, சுற்றுச்சூழல் பாதுகாப்பு அரசியல் கோரிக்கையாக வலுப்பெற்றது. 1970 ஜனவரி 1 அன்று தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகனின் கையெழுத்துடன் கலிபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி இச்சட்டத்தை ‘சீக்வா’ என்பர்.

ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கும் முன் அதனால் சுற்றுச்சூழலுக்கு நேரக்கூடிய பாதிப்பை அரசு அமைப்பு ஆராய்ந்து வெளியிட வேண்டும், தவிர்க்கவோ குறைக்கவோ முடிந்த பாதிப்புகளைத் தவிர்க்க அல்லது குறைக்க வேண்டும் என்பதே சீக்வாவின் சாரம். தொடக்கத்தில் அரசே மேற்கொள்ளும் சாலை, அணை போன்ற பணிகளுக்கு மட்டுமே இது பொருந்தும் எனப் பலரும் கருதினர். மோனோ கவுண்டியில் கட்டத் திட்டமிடப்பட்ட அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை எதிர்த்து ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மாமத்’ என்ற குழு தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1972இல் அளித்த தீர்ப்பு நிலைமையை மாற்றியது. அரசின் அனுமதி தேவைப்படும் தனியார் திட்டங்களும் சட்டத்துக்கு உட்பட்டவை என்று நீதிமன்றம் கூறியது. சட்டமன்றம் அந்த ஆண்டின் இறுதியிலேயே சட்டத்தைத் திருத்தியது. 1973இல் முதல் வழிகாட்டு விதிகள் வெளிவந்தன.

தொழிலின் பிறப்பும் சங்கத்தின் தொடக்கமும்

1972ஆம் ஆண்டுத் தீர்ப்பால் மாநிலத்தின் ஒவ்வொரு நகராட்சியும் கவுண்டியும் குடியிருப்பு, அங்காடி, தொழிற்சாலை, சுரங்கம் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களுக்குத் தாக்க ஆய்வு செய்தாக வேண்டிய நிலை வந்தது. அந்த வேலைக்கென்று படித்தவர்கள் அப்போது மிகக் குறைவு. கட்டட அனுமதி வழங்கிவந்த திட்ட அலுவலர்களும் பல்கலைக்கழக உயிரியலாளர்களும் ஒலி, காற்று, நீர் ஆகியவற்றை அளக்கத் தெரிந்த பொறியாளர்களும் ஒரே அறிக்கையில் சேர்ந்து எழுத வேண்டியதாயிற்று. எவ்வளவு பாதிப்பைக் ‘குறிப்பிடத்தக்கது’ எனக் கொள்வது, மாற்றுத் திட்டங்களை எந்த அளவுக்கு ஆராய்வது போன்ற கேள்விகளுக்கு ஒவ்வோர் ஊரிலும் வெவ்வேறு விடை கிடைத்தது.

1974இல் சங்கம் தோன்றியது இந்தச் சூழலில்தான். அதே ஆண்டில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் எண்ணெய்ச் சோதனைக் கிணறு தோண்டுவது பற்றிய ‘நோ ஆயில்’ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் மற்றொரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. குறிப்பிடத்தக்க பாதிப்பு நேரலாம் என்று நியாயமாக வாதிட ஆதாரம் இருந்தாலே முழுச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. முழு அறிக்கை தேவையா, குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று கூறும் ‘பாதகமின்மை அறிவிப்பு’ போதுமா என்று தீர்மானிக்கும் தொடக்க ஆய்வின் கனம் இதனால் கூடியது. பிழைபட்ட ஒரு வரியே வழக்குக்கு வழிவிடும் என்பதால், ஒருவர் அனுபவத்திலிருந்து மற்றவர் கற்றுக்கொள்ளும் களம் தேவைப்பட்டது.

ஏறத்தாழ இதே காலத்தில், 1975இல், தேசிய அளவில் சுற்றுச்சூழல் தொழில்வல்லுநர்களின் தேசியச் சங்கம் உருவானது. அது நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டங்களை மையமாகக் கொண்டது. கலிபோர்னியச் சங்கத்தின் மையம் சீக்வா.

கிளை அமைப்பு

மாநிலச் சட்டம் ஒன்றே என்றாலும் அதைச் செயல்படுத்தும் ‘முதன்மை முகமை’ பெரும்பாலும் உள்ளூர் நகராட்சியோ கவுண்டியோ ஆகும். ஆய்வுக்கு வரும் நிலம், உயிரினம், காற்று மண்டலம், பழங்குடி வரலாறு ஆகியன இடத்துக்கு இடம் மாறுபவை. சங்கம் கிளைகளாகக் கிளைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா, மான்டரே விரிகுடாவும் சிலிக்கான் பள்ளத்தாக்கும், சுப்பீரியர், மத்தியப் பகுதி, சேனல் கவுண்டிகள், லாஸ் ஏஞ்சலிஸ், ஆரஞ்சு கவுண்டி, இன்லாண்ட் எம்பயர், சான் டியேகோ ஆகிய பகுதிகளுக்குக் கிளைகள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. கிளைகளின் பிரதிநிதிகள் மாநில நிர்வாகக் குழுவில் இடம்பெறுகின்றனர். நிர்வாகிகள் ஊதியமின்றித் தன்னார்வமாகப் பணியாற்றுகின்றனர்.

கிளைகளின் வேலை அந்தந்தப் பகுதியின் சிக்கல்களை ஒட்டியே அமைகிறது. சேக்ரமென்டோவையும் வட மாவட்டங்களையும் உள்ளடக்கிய சுப்பீரியர் கிளைப் பகுதியில் ஆற்று முகத்துவார நீர்ப் பங்கீடும், மழைக்காலத்தில் மட்டும் நிரம்பும் குட்டைகளில் வாழும் சிற்றிறால்களும் அடிக்கடி எழும் பொருள்கள். மத்தியக் கிளையின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் விளைநில இழப்பு, தூசு, அருகிவரும் கிட் நரி ஆகியவை முன்நிற்கின்றன. இன்லாண்ட் எம்பயரில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களிலிருந்து வரும் சரக்கைச் சேமிக்கும் பெருங்கிடங்குகளும் அவற்றுக்கு வந்துபோகும் டீசல் லாரிகளும் முதன்மைச் சிக்கல். தென் கடலோரக் காற்றுத் தர மேலாண்மை மாவட்டம் 1,00,000 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள கிடங்குகளுக்கென 2021 மே மாதத்தில் தனி விதி வகுத்தபின் இப்பகுதி ஆலோசகர்களின் வேலைமுறை மாறியது.

ஆரஞ்சு கவுண்டி, சான் டியேகோ கிளைகளின் எல்லையில் கடலோர நாட்கேட்சர் என்ற பறவை பல திட்டங்களின் கால அட்டவணையையே தீர்மானிக்கிறது. கடலோரச் சேஜ் புதர்க்காட்டில் வாழும், சுமார் 6 கிராம் எடையுள்ள இது 1993இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகக் கூட்டாட்சிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கூட்டாட்சி மீன், வனவிலங்குப் பணித்துறை 1997இல் வெளியிட்ட கணக்கெடுப்பு நெறிமுறையின்படி, வட்டாரப் பாதுகாப்புத் திட்டங்களில் சேராத இடங்களில் மார்ச் 15 முதல் ஜூன் 30 வரை குறைந்தது ஒரு வார இடைவெளியில் 6 முறை தேட வேண்டும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் திட்டம் மாதக்கணக்கில் தள்ளிப்போகக்கூடும். எந்தச் சரிவில் புதர் மீண்டும் தழைத்திருக்கிறது, எந்த அலுவலகம் எந்த வடிவிலான அறிக்கையை ஏற்கும் என்பன போன்ற உள்ளூர் அறிவு கிளைக் கூட்டங்களில்தான் கைமாறுகிறது.

நடவடிக்கைகள்

மதிய உணவு வேளை உரைகள், களப் பயணங்கள், மாலை நேர அறிமுகக் கூட்டங்கள், மாணவர்களுக்கான உதவித்தொகை, மூத்தோர் இளையோருக்கு வழிகாட்டும் திட்டங்கள் ஆகியவை கிளைகளின் வழக்கமான பணிகள். ஒரு திட்டத்தின் ஆலோசகரும், அதை ஆராயும் நகர அலுவலரும், பின்னர் அதை எதிர்த்து வாதிடக்கூடிய வழக்கறிஞரும் ஒரே அரங்கில் அமர்வது இக்கூட்டங்களின் தனித்தன்மை.

மாநில அளவில் ஆண்டு மாநாடும், ஆண்டுதோறும் நடத்தப்படும் சீக்வா பயிலரங்குகளும் உள்ளன. தொடக்க நிலைப் பயிலரங்கில் காலக்கெடுக்களே பெரும் பாடம். மாநிலத் தகவல் மையத்துக்கு அனுப்பப்படும் வரைவு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட வழக்கமாக 45 நாள் அளிக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்த 5 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிப்பைக் கவுண்டி எழுத்தரிடம் பதிவு செய்தால் வழக்குத் தொடுக்கும் காலம் 30 நாட்களாகச் சுருங்கும். பதிவு செய்யாவிட்டால் அது 180 நாட்கள் வரை நீளும். திட்டம் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது எனக் கூறும் விலக்கு அறிவிப்புக்கு இக்காலம் 35 நாட்கள். எழுத்தர் முத்திரையிட்ட ஒற்றைத் தாள் பல கோடி டாலர் திட்டத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பதால், பதிவு நாளைக் கணக்கிடுவது புதியவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படுகிறது.

சங்கத்தின் வெளியீடுகளில் பரவலாகப் பயன்படுவது சீக்வாவின் சட்ட வாசகமும் வழிகாட்டு விதிகளும் அடங்கிய கையேடு. ஆண்டுதோறும் திருத்தங்களுடன் வெளிவரும் இந்நூல் அரசு அலுவலகங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் மேசைப் பிரதியாக இருக்கிறது. சிறந்த அறிக்கைகளுக்கும் திட்டங்களுக்கும் சங்கம் விருதுகளும் வழங்குகிறது.

சட்ட மாற்றங்களும் சங்கத்தின் வளர்ச்சியும்

சட்டம் மாறிய ஒவ்வொரு முறையும் தொழிலின் எல்லை விரிந்தது. 1988இல் இயற்றப்பட்ட திருத்தம், பாதிப்பைக் குறைக்க உறுதியளித்த நடவடிக்கைகள் உண்மையில் நிறைவேறுகின்றனவா எனக் கண்காணிக்கும் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. அறிக்கையோடு முடிந்துவந்த வேலை அதன்பின் கட்டுமானக் களம்வரை நீண்டது. 2006இல் பசுங்குடில் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம் வந்தபின், ஒரு தனித் திட்டத்தின் உமிழ்வை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு ஏற்கப்பட்ட முறை எதுவும் இருக்கவில்லை. சங்கம் 2007இல் மாற்று அணுகுமுறைகளை விளக்கும் ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதிகாரபூர்வ விதித் திருத்தம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. நியூஹால் பண்ணைக் குடியிருப்புத் திட்டம் பற்றிய 2015ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதுவரை கையாண்ட முறையின் குறையைச் சுட்டியபோது, சங்கத்தின் காலநிலைக் குழு 2016இல் புதிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது.

2014இல் இயற்றப்பட்ட சட்டம் பழங்குடிப் பண்பாட்டு வளங்களைத் தனித் தலைப்பாக்கி, கேட்டுக்கொண்ட பழங்குடிச் சமூகங்களுடன் கலந்தாய்வு நடத்துவதைக் கட்டாயமாக்கியது. சாலைச் சந்திப்புகளில் வாகன நெரிசலை அளந்துவந்த போக்குவரத்து மதிப்பீட்டின் இடத்தில், மொத்தப் பயண தூரத்தை அளக்கும் முறை 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் கட்டாயமானது. பழைய முறையிலேயே பழகியவர்கள் புதியதைக் கற்கப் பயிலரங்குகளையும் கிளைக் கூட்டங்களையும் நாடினர்.

உரிமமும் தொழில்நெறியும்

சீக்வா ஆவணம் தயாரிப்பதற்கென்று கலிபோர்னியாவில் தனி அரசு உரிமம் இல்லை. ஆவணத்தின் முழுப் பொறுப்பும் முதன்மை முகமையுடையது. யார் எழுதினாலும் முகமை தன் சுதந்திரமான முடிவைக் கொண்டு அதை மதிப்பிட வேண்டும். செலவை விண்ணப்பதாரரே ஏற்பதால், பணம் தருபவருக்குச் சாதகமாக அறிக்கை சாயும் என்ற விமர்சனம் இத்தொழிலின் மீது நெடுங்காலமாக உண்டு. உரிமம் இல்லாத இடத்தைப் பயிற்சி, சக தொழிலரின் மதிப்பீடு, நெறிக் கோட்பாடு ஆகியவற்றால் நிரப்புவதே சங்கங்களின் வழி. தேசியச் சங்கம் 1978இல் நெறிக் கோட்பாட்டை ஏற்று, 1979இல் சான்றளிக்கப்பட்ட சுற்றுச்சூழல் தொழில்வல்லுநர் என்ற தகுதியைத் தொடங்கியது. பின்னாளில் அதற்கெனத் தனி அமைப்பு உருவாயிற்று. கலிபோர்னியச் சங்கத்தின் பயிலரங்குகள் திட்டமிடுவோருக்கும் வழக்கறிஞர்களுக்கும் தொடர்கல்வி மதிப்பெண் பெற்றுத் தருகின்றன.

அண்மைக்கால நிலை

வீட்டுப் பற்றாக்குறைக்குச் சீக்வா வழக்குகளும் ஒரு காரணம் என்ற வாதம் அண்மை ஆண்டுகளில் வலுத்தது. 2025 ஜூன் 30 அன்று ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட இரு சட்டங்கள், நகரங்களுக்குள் அமையும் பெரும்பாலான குடியிருப்புத் திட்டங்களுக்கும் வேறு சில வகைப் பணிகளுக்கும் விலக்கு அளித்தன. முழு அறிக்கைகளின் தேவையை இது குறைக்கக்கூடியது. ஆயினும் குடியிருப்பு விலக்கைப் பெற, திட்டம் 20 ஏக்கருக்கு மிகாமல் இருத்தல், மண் மாசு பற்றிய முதற்கட்ட ஆய்வு, பழங்குடிச் சமூகங்களுக்கு அறிவிப்பு போன்ற நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். அவற்றைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் வேலை உள்ளூர் அலுவலர்களிடமும் ஆலோசகர்களிடமும் தொடர்கிறது.