குடும்பக் கதைகளில் கிடைத்த மருந்து



கல்யாணம் பேசும்போது எமது ஊர்களில் வாய் திறக்காமல் விடப்படும் விடயம் ஒன்று உண்டு. மூத்தம்மா எதனால் மௌத்தானார், சாச்சிக்கு என்ன ஒப்பரேஷன் செய்தார்கள் என்பதுதான் அது. மார்பு, கருப்பை, சூலகம் சம்பந்தப்பட்ட புற்றுநோய் என்றால் "வயித்துல ஒரு கட்டி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் இந்த நோய்க்கான முக்கியமான மருந்து ஒன்றின் வரலாறு, குடும்பங்கள் வாய் திறந்ததில்தான் தொடங்குகிறது.

1866 இல் பாரிஸ் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் போல் புரோக்கா, தன் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளாகப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் தொடர்ந்து வந்ததைப் பதிவு செய்தார். அது ஏன் அப்படித் தொடர்கிறது என்று கண்டறிய அன்று வழி இருக்கவில்லை.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவின் பேர்க்லியில் மேரி கிளயர் கிங் என்ற பெண் விஞ்ஞானி அதே கேள்வியைக் கையிலெடுத்தார். புற்றுநோய் ஒரு பரம்பரையலகின் வழியாக வரக்கூடும் என்பதை அப்போது பலர் நம்பவில்லை. அவர் 23 பெரிய குடும்பங்களின் விபரங்களைச் சேர்த்தார். அவற்றில் 146 பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று அந்தக் குடும்பங்கள் சொன்னார்கள், இரத்தமும் கொடுத்தார்கள். 1990 இல் விடை கிடைத்தது: காரணம் 17 ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டே சூலகப் புற்றுநோயும் அதே இடத்தோடு தொடர்புபட்டது என்று தெரிந்தது. 1994 இல் அந்தப் பரம்பரையலகே பிரித்தெடுக்கப்பட்டது. அதன் பெயர் பிஆர்சிஏ1.

இது நம் எல்லோரிடமும் இருப்பது. டிஎன்ஏயில் ஏற்படும் உடைவுகளைத் திருத்த உதவுவதே இதன் வேலை. பழுதான பிரதியோடு பிறக்கும் பெண்கள் 100 பேரில் சுமார் 40 பேருக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வரலாம். மற்றப் பெண்களில் அது 100 க்கு ஒருவர் அளவுதான். இந்தப் பழுது உம்மாவிடமிருந்து வருவதைப் போலவே வாப்பாவிடமிருந்தும் வரும்.

2005 இல் பிரித்தானியாவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இந்தப் பழுதையே மருந்துக்கு இலக்காக்கலாம் என்று காட்டின. வெள்ள காலத்தை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் வர இரண்டு பாதைகள் இருந்தால், ஒன்று மூழ்கினாலும் மற்றதால் சாமான் வரும். இரண்டும் மூழ்கினால் ஊர் முடங்கும். இந்தப் புற்றுநோய்க் கலத்தில் பிஆர்சிஏ பாதை ஏற்கெனவே அறுந்துவிட்டது. பார்ப் என்ற நொதியம் செய்யும் மற்றத் திருத்த வேலையையும் மருந்தால் தடுத்தால் அந்தக் கலம் செத்துப் போகும். நல்ல கலங்களுக்கு முதல் பாதை இருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிக்கும்.

இவ்வகை மருந்துகளில் முதலாவதான ஒலாபரிப் 2014 இல் அங்கீகாரம் பெற்றது. இந்தப் பழுதுள்ள, நோய் முற்றிய நிலையில் புதிதாகக் கண்டறியப்பட்டு, கீமோதெரபிக்கு நல்ல பலன் கண்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018 இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் கழித்து, மருந்து எடுத்தவர்களில் 100 க்கு 60 பேருக்கு நோய் திரும்பாமலும் கூடாமலும் இருந்தது. எடுக்காதவர்களில் அது 27 பேர் மட்டுமே.

பெரும்பாலான சூலகப் புற்றுநோய்கள் பரம்பரையாக வருவன அல்ல. அதனால் குடும்பத்தில் ஒருவருக்கு வந்தது என்று யாரும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதில் வந்திருந்தால் வைத்தியர் அதை அறிந்தே ஆக வேண்டும். கிளினிக்கில் செய்யும் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது, சூலகத்தில் உள்ளதை அது காட்டாது.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்று நம்புகிற சமூகம் நாம். நோயை மறைத்துக்கொண்டு மருந்தைத் தேட முடியாது. இந்த வாரம் வீட்டிலுள்ள மூத்த பெண்களோடு உட்காருவோம். உம்மா வழியிலும் வாப்பா வழியிலும் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். நமது பெண் பிள்ளைகளுக்கு ஒருநாள் அந்தப் பக்கம் தேவைப்படலாம்.