யார் ஏற்றால் அது திருமணம்? – ஒருபால் மணமும் சமயங்களின் உள்விவாதமும்: ஒரு வரலாற்று நோக்கு

சங்க மலரில் இப்படியொரு தலைப்பா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சோழர் கடற்படையும், திருக்குறளின் பெருமையும், மைசூர்ச் சீமையில் தமிழர் குடியேறிய வரலாறும் இடம்பெறும் பக்கங்கள் இவை. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று, ஒருபால் இணையர்க்குத் திருமண உரிமை வழங்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் முதல், நம் ராமாபுரத்துத் தமிழ் வீடுகளிலும் இந்தப் பேச்சு அடிபடத்தான் செய்கிறது. "நம்ம மதத்துல இதெல்லாம் கிடையாதுப்பா" என்று பெரியவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். "எந்தப் புத்தகத்துல இருக்கு தாத்தா, யாரு சொன்னா?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. சட்டப் புத்தகத்தை நான் இங்கே புரட்டப் போவதில்லை. ஒரு மணத்தை ஏற்பதா வேண்டாமா என்று சமயங்கள் தமக்குள்ளேயே எப்படி வாதாடின என்பதை மட்டும், வரலாற்றிலிருந்து சில சான்றுகளோடு சொல்ல விரும்புகிறேன். ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்பும் இயல்பை இக்கட்டுரையில் 'தன்பால் ஈர்ப்பு' என்றே குறிப்பிடுகிறேன்.

யூதர்களிடமிருந்து தொடங்குவோம்

எல்லாச் சமயங்களிலும் இந்த விவாதம் உண்டு. ஆயினும் யூதர்கள் அதைக் குழு கூட்டி, வாக்கெடுத்து, எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அது நமக்கு நல்ல பாடம். யூதர்கள் நமக்கு முற்றிலும் அயலாரும் அல்லர். எபிரேய வேதத்தில் மயிலைக் குறிக்கும் 'துகி' என்ற சொல் நம் 'தோகை'யோடு தொடர்புடையது என்று கால்டுவெல் எழுதினார். கொச்சி யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது.

இன்றைய யூதரில், குறிப்பாக அமெரிக்காவில், மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. மறைச்சட்டம் மாறாதது என்போர் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர். காலத்துக்கேற்ப ஒவ்வொருவரும் முடிவெடுக்கலாம் என்போர் ரிஃபார்ம் பிரிவினர். இரண்டுக்கும் நடுவில் நிற்போர் கன்சர்வேடிவ் பிரிவினர். பெயரைப் பார்த்து இவர்களைப் பழமைவாதிகள் என்று எண்ணிவிட வேண்டாம். மறைச்சட்டம் கட்டுப்படுத்தும், ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே அறிஞர் கூடி மாற்றம் காணலாம் என்பது இவர்கள் கொள்கை.

லேவியராகமம் 18-ஆம் அதிகாரத்தின் 22-ஆம் வசனம் ஆணும் ஆணும் கூடுவதைத் தடை செய்கிறது. மூன்று பிரிவினரும் படிப்பது அதே வசனத்தைத்தான். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த இடம் வேறு வேறு.

ரிஃபார்ம் ரபிகள் 2000 மார்ச் மாதம் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஒருபால் இணையர்க்குச் சடங்கு செய்து வைக்க விரும்பும் ரபியையும் ஆதரிக்கிறோம், செய்ய மனமில்லாத ரபியையும் ஆதரிக்கிறோம் என்பது அதன் சாரம்.

நடுப்பிரிவாரின் கதைதான் சுவையானது. அவர்களுடைய யூதச் சட்டக் குழுவில் வாக்குரிமை உள்ளோர் 25 பேர். 2006 டிசம்பர் 6 அன்று இக்குழு முன் பல கருத்துரைகள் வந்தன. பழைய தடை முழுமையாக நீடிக்க வேண்டும் என்ற ரபி ஜோயல் ராத்தின் உரைக்கு 13 வாக்கு. ரபிகள் டார்ஃப், நெவின்ஸ், ரைஸ்னர் மூவரும் எழுதிய மாற்று உரைக்கும் 13 வாக்கு! 25 பேர் உள்ள குழுவில் 13-ம் 13-ம் எப்படி வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவராவது இரண்டுக்கும் கை தூக்கியிருக்க வேண்டும்.

அந்த மூவரின் வாதம் கவனிக்கத்தக்கது. வேதம் நேரடியாகத் தடுத்த ஒரு செயல் தடையாகவே இருக்கட்டும் என்றார்கள். ஆனால் அதைச் சுற்றிப் பிற்கால ரபிகள் எழுப்பிய வேலிகளை, 'மனித மாண்பு' என்ற தல்மூத் நெறியைக் கொண்டு அகற்றலாம் என்றார்கள். பழைய நூலை அவர்கள் தூக்கி எறியவில்லை. பழைய நூலுக்குள்ளிருந்தே இன்னொரு நெறியை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு உரைகளும் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. எதைப் பின்பற்றுவது என்பது அந்தந்தச் சபையின் ரபி பொறுப்பு. மனம் ஒப்பாத நால்வர் குழுவிலிருந்து விலகினார்கள். ஆனால் பிரிவு உடையவில்லை. 2012-இல் அதே குழு ஒருபால் மணத்துக்கான சடங்கு முறைகளையும் மணமுறிவு முறையையும் வகுத்தளித்தது.

ஆர்த்தடாக்ஸ் பிரிவு இம்மணத்தை ஏற்கவில்லை. ஆனாலும் 2010 ஜூலையில் அப்பிரிவின் ரபிகளும் ஆசிரியர்களும் பலர் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மணச்சடங்கு செய்ய மாட்டோம், ஆனால் தன்பால் ஈர்ப்புள்ளவரை அவமதிப்பதோ சமூகத்திலிருந்து தள்ளுவதோ கூடாது என்றது அது. ஏற்காதவரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அது ஒரு சான்று.

மண மறுப்பு எவ்வளவு வலிக்கும் என்பதை இந்திய யூதர்கள் வேறொரு வகையில் அனுபவித்தவர்கள். கொங்கணக் கடற்கரையில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்த பெனே இஸ்ரவேலர்களைச் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்று ஊரார் அழைத்தார்கள். ஓய்வுநாளில் செக்கு ஓட்டாதவர்கள் அவர்கள். இவர்கள் இஸ்ரேலில் குடியேறியபோது, இவர்களோடு மணம் செய்யலாமா என்று ரபிகளே ஐயம் எழுப்பினார்கள். தாய்வழியில் பாட்டி, பூட்டி வரை விசாரிக்க வேண்டும் என்று 1962-இல் நெறிமுறை வந்தது. 1964-இல் அவர்கள் எருசலேமில் போராட்டம் நடத்தினார்கள். நாடாளுமன்றம் தலையிட்டது. அவர்கள் பெயரைச் சுட்டிய விதி மாற்றப்பட்டது. 'உன் கல்யாணம் கல்யாணமே இல்லை' என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் சுடும்.

நம் வீட்டுக் கல்யாணத்தின் கதை

இனி நம் பக்கம் வருவோம். மணம் என்றால் இன்னதுதான் என்ற வரையறை தமிழரிடையே என்றும் மாறாமல் இருந்ததா? இல்லை.

1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில் புரோகிதர் இன்றி ஒரு திருமணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று அது போற்றப்படுகிறது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இத்தகைய மணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. நினைத்துப் பாருங்கள். ஊரறிய மாலை மாற்றி, பிள்ளைகுட்டி பெற்று வாழ்ந்த தம்பதியர், சட்டத்தின் கண்ணில் தம்பதியரே அல்லர்!

அண்ணா முதல்வரானபின் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் தமிழ்நாட்டுத் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றார் உறவினர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்னரே நடந்த சுயமரியாதை மணங்களும் செல்லும் என்றது இச்சட்டம். இதில் நம் போன்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இது தமிழ்நாட்டுக்கான திருத்தம், கர்நாடகத்துக்கு நீளாது. ஓசூர் எல்லையைத் தாண்டினால் ஒரே சடங்கின் மதிப்பே மாறிவிடுகிறது.

அந்நாளில் எதிர்த்தவர்கள் சொன்னதும் "நம்ம மதத்துல கிடையாது" என்பதுதான். இன்று ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு அக்கினி வளர்த்தும் தம்பிக்கு மாலை மாற்றியும் கல்யாணம் நடக்கிறது. இரண்டுக்கும் போய் நாம் மொய் எழுதிவிட்டு வருகிறோம்.

அடுத்த திருப்பம் ஒரு கோயிலிலேயே நிகழ்ந்தது. 2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கர ராமேசுவரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் இந்து முறைப்படி திருமணம் நடந்தது. பதிவு செய்ய அலுவலர்கள் மறுத்தார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய ஆணையிட்டார். இது ஒருபால் மணம் அன்று என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருநங்கை பெண்ணாகவே ஏற்கப்பட்டார். ஆனால் பழைய சொல் ஒன்று புதியவரையும் உள்ளே அழைத்துக்கொண்டது. அந்த ரபிகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில், கூத்தாண்டவர் பெயரால் திருநங்கையர்க்குக் கோயில் பூசாரியே தாலி கட்டுகிறார் என்பதை நாம் அறிவோம். வழி முன்பே ஒற்றையடிப் பாதையாக இருந்தது.

சமயப் பெரியோர் சொன்னது என்ன?

கணித மேதை என்று நாம் அறிந்த பெங்களூர் சகுந்தலா தேவி, 1977-இல் தன்பால் ஈர்ப்புள்ளவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. அதற்காக அவர் திருவரங்கம் கோயிலைச் சேர்ந்த வடமொழி அறிஞரும் அர்ச்சகருமான ஸ்ரீநிவாச ராகவாச்சாரியாரிடம் கருத்துக் கேட்டார். அவர் சினந்து எழவில்லை. இப்படிப்பட்ட காதலர் முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாய் இணைந்தவர்களாக இருக்க வேண்டும் என்றார். பிறவியில் பால் மாறலாம், ஆன்மாவின் பற்று மாறாது என்பது அவர் விளக்கம். மறுபிறப்புக் கொள்கையைக் கொண்டே விடை சொன்னார், நம் பெருமாள் கோயில் பெரியவர்!

அது ஒருவர் கருத்துதான். 2004-இல் 'இந்துயிசம் டுடே' இதழின் செய்தியாளர் துறவியர் பலரிடம் இதே கேள்வியைக் கேட்டபோது சிலர் ஏற்றார்கள், சிலர் கடுமையாக மறுத்தார்கள். 2023-இல் உச்ச நீதிமன்ற வழக்கு நடந்தபோது அகில பாரதிய சந்த் சமிதியும், ஜமியத் உலமா-இ-ஹிந்த் அமைப்பும் எதிர்ப்புத் தெரிவித்து மனு போட்டன. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, அப்போதைய போப் பிரான்சிஸ் ஒப்புதலுடன், திருமணச் சடங்கு போலத் தோன்றாத வகையில் ஒருபால் இணையர்க்கு ஆசி வழங்கலாம் என்று வத்திக்கான் அறிவித்தது. திருமணம் பற்றிய திருச்சபைக் கொள்கையில் மாற்றமில்லை என்றும் அதிலேயே சொன்னது.

எதிர்ப்போர் வாதத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. மணம் என்பது சந்ததிக்கான ஏற்பாடு, பித்ரு கடன் தீர்க்கும் வழி என்பது அவர்கள் நிலை. அதற்கு நூலாதாரம் உண்டு. மறுபக்கம், ஆழ்வார்கள் நாயகி பாவத்தில் பாடியதை ஒருபால் மணத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது பக்தி நெறி. கல்யாண விதி ஆகாது. ஆதாரம் தேடும் ஆர்வத்தில் இரு தரப்பும் நூல்களை இழுத்து வளைக்கக் கூடாது என்பது என் பணிவான கருத்து.

இந்த மைசூர்ப் பக்கத்திலிருந்து மேல்கோட்டை எவ்வளவு தூரம்? உடையவர் பாதம் பட்ட அந்த ஊருக்கு வடகலையாரும் போகிறார்கள், தென்கலையாரும் போகிறார்கள். இரு கலையாருக்கும் இடையே பதினெட்டு பேதங்கள் என்று சொல்வார்கள். திருமண் காப்புக்காக நீதிமன்றம் வரை போனவர்கள். ஆனாலும் இருவருக்கும் ஆசாரியர் ஒருவரே. ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளை வைத்துக்கொண்டு ஒரே சமயமாக வாழ்வது அமெரிக்க யூதர் கண்டுபிடித்த புதுமை அன்று.

வீட்டு வாசலில் வந்து நிற்கும் கேள்வி

இன்று சட்ட நிலை இது: 2018 செப்டம்பர் 6 முதல் தன்பால் உறவு குற்றமன்று. திருமணமாகப் பதிவு செய்ய வழியில்லை. 2023 தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரிய மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்டபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறியது.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கை 2021-இல் விசாரித்த நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் செய்தது என்னை மிகவும் கவர்ந்தது. இந்தப் பொருளில் தமக்கே தெளிவு போதாது என்று வெளிப்படையாக எழுதி, உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டு, அதன் பிறகே ஜூன் 7 அன்று தீர்ப்புச் சொன்னார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அந்தப் பொறுமை இருக்குமானால், பெற்ற பிள்ளைக்காக நாம் ஓர் இரவு பொறுத்து யோசிக்கக் கூடாதா?

ஊரை விட்டு வந்த நமக்கு அம்மா, அப்பா, இந்த நாலு சொந்தம்தான் எல்லாம். வெளியே தள்ளப்பட்ட பிள்ளைக்குப் போய் நிற்கச் சித்தப்பா வீடோ மாமா வீடோ பக்கத்துத் தெருவில் இல்லை. ஆகவே "மதம் ஒத்துக்காது" என்ற சொல்லை நாம் எடுத்து வீசும்போது அது இரு மடங்கு கனமாகி விழுகிறது. மனம் ஒப்பவில்லை என்றால், "எனக்கு மனசு ஒப்பலை, கொஞ்சம் டைம் குடு" என்று சொல்லுங்கள். அது உண்மை; பிள்ளைக்கும் புரியும். மதத்தின் பெயரால் கதவைச் சாத்தினால், அந்த மதமே இன்னும் முடித்துக்கொள்ளாத ஒரு விவாதத்தை நாம் முடித்துவைத்தவர்கள் ஆவோம். அந்த அதிகாரத்தை எந்த மடமும் எந்தச் சபையும் நமக்கு வழங்கவில்லை.