கிழிந்த தாளில் பிறந்த ஊர்

முக்தியும் சரஸும் சேர்ந்தது முக்த்சர். நமக்கு இந்தப் பெயருக்கு அகராதி தேவையில்லை. ஆனால் 1705க்கு முன்பு அந்த இடத்தை யாரும் அப்படி அழைக்கவில்லை. கித்ரானா என்பார்கள். பஞ்சாபின் மாள்வா வட்டாரத்தில் மழைநீர் தேங்கும் ஒரு குட்டை அது. சுற்றிலும் மணலும் முட்புதரும்தான். குடிநீருக்கு அந்தக் குட்டையை விட்டால் வேறு கதியில்லை.

கதை ஆனந்த்பூர் முற்றுகையில் தொடங்குகிறது. மொகலாயப் படையும் மலைநாட்டு ராஜாக்களும் மாதக்கணக்கில் வளைத்து நின்றதில் கோட்டைக்குள் தானியம் தீர்ந்துபோனது. மாஜ்ஜா பகுதி வீரர்கள் 40 பேர் பசி பொறுக்காமல் சீக்கியர்களின் குரு கோவிந்த் சிங்கிடம் விடை கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் குரு. இனி குரு–சீடன் உறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்தச் சீட்டுக்கு ‘பேதாவா’ என்று பெயர்.

ஊரில் அவர்களை யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. ஜபால் கிராமத்து மாயி பாகோ, குருவைப் பட்டினியில் விட்டு வந்தீர்களா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். பிறகு ஆண் உடை அணிந்து, ஆயுதம் எடுத்து, குதிரையேறினார். 40 பேரும் அவர் பின்னால் திரும்பிப் போனார்கள்.

அதற்குள் குரு ஆனந்த்பூரை விட்டு வெளியேறி, நான்கு மகன்களையும் பறிகொடுத்திருந்தார். சிர்ஹிந்தை ஆண்ட வசீர் கானின் படை துரத்தி வந்தது. அதைக் கித்ரானாவில் இவர்கள் மறித்தார்கள். ஆள் குறைவு என்பது எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதே! போர்த்தியிருந்த துணிகளை முட்புதர்கள் மேல் விரித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாகக் கூடாரம் அடித்ததுபோல் தெரியும். அந்த இடத்தில் இன்று தம்பு சாகிப் குருத்வாரா இருக்கிறது. தம்பு என்றால் கூடாரம். குரு ஒரு மணல்மேட்டிலிருந்து அம்பு தொடுத்தார். படைகளின் அளவை வைத்துப் பார்த்தால் இது சின்னச் சண்டைதான். தண்ணீர் கிடைக்காத சிர்ஹிந்த் படை திரும்பிப் போனது.

பெயர் பிறந்தது அதற்குப் பிறகு. குரு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். விழுந்து கிடந்த ஒவ்வொருவரின் முகத்தையும் துடைத்து, இவன் என் ஐயாயிரத்தான், இவன் என் பத்தாயிரத்தான் என்று மொகலாய தர்பாரின் பெரும் பிரபுக்களுக்குரிய பட்டங்களைச் சூட்டினார் என்பது சீக்கிய மரபு. மஹான் சிங்குக்கு மட்டும் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. குரு அவர் தலையை மடியில் எடுத்துவைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். அந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள் என்பதுதான் மஹான் சிங் கேட்ட வரம். குரு தாளை எடுத்தார். அவர் கண்முன்னே கிழித்துப் போட்டார்.

இந்த இடத்தை என்னால் எளிதில் கடக்க முடிவதில்லை. ஆனந்த்பூரிலிருந்து வந்த வழியில் சர்சா ஆற்று வெள்ளத்தில் பல ஆண்டு உழைப்பில் உருவான ஏடுகள் போய்விட்டன. பிள்ளைகளும் போய்விட்டார்கள். இந்த ஒரு தாளை மட்டும் அவர் கைவிடவில்லை. கிழிக்கும் நாள் வரும் என்றுதான் பத்திரப்படுத்தினார் என்று நான் நம்புகிறேன்.

அந்த 40 பேரும் ‘முக்தே’, விடுதலை பெற்றவர்கள், ஆனார்கள். குட்டை முக்த்சர் ஆனது. விட்டுப்போய்த் திரும்பி வந்தவர்களின் நினைவாக ஒரு ஊர்! தாள் கிழிபட்ட இடத்துக் குருத்வாராவின் பெயர் டுட்டி கண்டி சாகிப். அறுந்ததை முடிச்சிட்டது என்று பொருள். நாம் பொங்கல் கொண்டாடும் நாட்களில் அங்கே மாகி மேளா நடக்கிறது. சீக்கியர்களின் அன்றாட அர்தாஸ் பிரார்த்தனையிலும் ‘சாலி முக்தே’ என்று அந்த நாற்பதின்மரை நினைக்கிறார்கள்.

மாயி பாகோ காயங்களோடு பிழைத்தார். குருவின் மெய்க்காவலராக நாந்தேட் வரை போனார். அவர் இறுதி நாட்களைக் கழித்த ஜன்வாடா, கர்நாடகத்தில் பீதருக்குப் பக்கத்தில் இருக்கிறது.